செய்தி சொல்லும் கடன்

2025 நவம்பர் 23ஆம் தேதி எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹைலி குப்பி என்ற எரிமலை வெடித்தது. அது முன்பு எப்போதாவது வெடித்ததாக எழுத்தில் ஒரு குறிப்பும் கிடையாது. வானில் எழுந்த சாம்பல் செங்கடலைத் தாண்டி, யேமனையும் ஓமனையும் தாண்டி, அரபிக்கடல் வழியாக குஜராத்துக்குள் நுழைந்து, மறுநாள் இரவே டெல்லிக்கு மேலே வந்துவிட்டது. விமானங்கள் ரத்தாயின. நம் தொலைக்காட்சிகளில் எந்நேரமும் அதே பேச்சு: எந்த விமானம் திரும்பியது, டெல்லியின் காற்று இன்னும் கெடுமா, சாம்பல் எப்போது கிழக்கே நகர்ந்து தொலையும். அதே சாம்பல் அஃப்தேரா ஊரின் மீதும் சுற்றியிருந்த மேய்ச்சல் நிலங்களின் மீதும் படிந்து, ஆடுமாடுகள் தின்ன எதுவும் இல்லாமல் நின்றன என்ற தகவல் ஓரத்தில் ஒரு வரியாக வந்துபோனது.

அந்த நிலத்தில் 2016 டிசம்பர் கடைசியில் பயணம் செய்திருக்கிறேன். உப்புவெளியையும் எரியும் மலையையும் பார்க்கத்தான் போனேன். பார்த்தேன். ஆனால் இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னோடு இருப்பது அங்கே நான் கண்ட ஒரு வழக்கம். தொலைவு என்றால் என்ன, ஓர் ஊரைப் பற்றி இன்னோர் ஊரில் எப்படிப் பேச வேண்டும் என்பதை அந்த வழக்கம் எனக்குச் சொல்லித்தந்தது.

*

பயணம் தொடங்கிய மெக்கெல்லே நகரம் கடல்மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காலையில் அங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினோம். பெர்ஹாலே ஊரைத் தாண்டி மலைகள் சரியச் சரிய ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பொழுது சாய்வதற்குள் கடல்மட்டத்துக்கு நூறு மீட்டருக்கும் கீழே, தனாகில் பள்ளத்தின் தரையில் நின்றோம். டிசம்பர்தான் அங்கே இதமான மாதம் என்றார்கள். அந்த இதத்திலேயே மூச்சு சுட்டது. 1960களில் தல்லோல் என்ற இடத்தில் தொடர்ந்து வெப்பத்தை அளந்து பார்த்தபோது ஆண்டுச் சராசரி 34 டிகிரி செல்சியஸுக்கும் மேலே இருந்தது. பகல், இரவு, கோடை, குளிர்காலம் எல்லாம் சேர்த்த சராசரி அது. மனிதர் குடியிருந்த இடங்களில் அதைவிட வெப்பமான சராசரி வேறெங்கும் பதிவானதில்லை.

இந்தப் பள்ளம் ஏன் இருக்கிறது என்பது பூமியின் பெரிய கதைகளில் ஒன்று. ஆப்பிரிக்கத் தட்டு இங்கே இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறது. அரேபியத் தட்டு வடகிழக்கே விலகிப் போகிறது. மூன்று தட்டுகளும் சந்திக்கும் முக்கோணம்தான் அஃபார். விலகல் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். விலகுமிடத்தில் தரை மெலிந்து தாழ்கிறது. தாழ்ந்த இடத்தில் அடியிலிருந்து நெருப்புக்குழம்பு மேலேறுகிறது. செங்கடல் முன்பு பலமுறை இதற்குள் புகுந்திருக்கிறது. கடைசியாக ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் புகுந்த கடலின் பவளப்பாறைகள் பள்ளத்தின் விளிம்பில் இன்றும் காய்ந்து நிற்கின்றன. பிறகு வழி அடைபட்டது, நீர் ஆவியானது, உப்பு மிஞ்சியது. அப்படி மிஞ்சிய உப்புப் படிவத்தின் தடிமன் சில இடங்களில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

நம் தீபகற்பமும் இப்படி ஒரு பிளவில் பிறந்ததுதான். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிடமிருந்து பிய்ந்து வடக்கே புறப்பட்டது. அந்தப் பிரிவைக் காண அப்போது மனிதர் யாரும் இல்லை. அஃபாரில் இருக்கிறார்கள். 2005 செப்டம்பரில் தப்பாஹு எரிமலையை ஒட்டி, அடியிலிருந்து பீறிய குழம்பு தரையை அறுபது கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து, சில வாரங்களுக்குள் எட்டு மீட்டர்வரை விலக்கியது. செயற்கைக்கோள்கள் அதை அளந்தன. சாம்பல் எழுந்து வானம் இருண்டதைக் கண்ணால் கண்டவர்கள் அங்கே ஆடு மேய்த்தவர்கள்.

*

பெர்ஹாலேவிலிருந்து இறங்கும் வழியில் எதிரே ஒருவர் இரண்டு ஒட்டகங்களோடு வந்தார். எங்கள் வழிகாட்டி அஃபார் இனத்தவர். ஓட்டுநரின் தோளைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப்போனார். அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றி மாறி மாறி முத்தமிட்டுக்கொண்டார்கள். பாறை நிழலில் குந்தினார்கள். ஒருவர் பேச மற்றவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சிறு ஒலியால் ‘உம்’ கொட்டினார். முதலாமவர் முழுதும் முடித்த பிறகுதான் இரண்டாமவர் தொடங்கினார். இடைமறிப்பே இல்லை. வண்டிக்குள் வெந்துகொண்டிருந்த எங்களில் சிலர் பொறுமை இழந்தார்கள். அவர்கள் இருவருக்கும் அவசரம் எதுவும் தெரியவில்லை.

அந்தப் பேச்சின் பெயர் தாகு. அஃபார்களிடையே வழியில் எதிர்ப்படும் இருவர், முன்பின் அறியாதவரானாலும், நின்று செய்தி பரிமாறாமல் போகக்கூடாது. எந்தப் பக்கம் மழை பெய்தது, எந்தக் கிணற்றில் நீர் இருக்கிறது, எங்கே புல் தழைத்திருக்கிறது, எந்த மந்தையில் நோய், யார் வீட்டில் சாவு, எந்த எல்லையில் சண்டை, புதிய ஆட்கள் யார் நடமாடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் வரும். கண்ணால் பார்த்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கேட்பவருக்குத் துருவிக் கேட்கும் உரிமை உண்டு. பொய் சொன்னவர் என்று பேரெடுத்தால் பிறகு அவர் வாயிலிருந்து வரும் எதற்கும் மதிப்பில்லை. மேய்ச்சலை நம்பி அலைகிறவர்களுக்கு இது உயிர்க் காரியம். தப்பான கிணற்றுக்கு மந்தையை ஓட்டிப்போனால் திரும்பி வருவதற்கு மந்தை இருக்காது.

வழிகாட்டி திரும்பி வந்து உட்கார்ந்ததும், என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். அவர் வரிசையாகச் சொன்னார். கடைசியில், “உங்களைப் பற்றியும் சொன்னேன். எத்தனை பேர், எந்த நாடு, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று. மலைக்கு நீங்கள் போய்ச் சேருவதற்குள் உங்கள் செய்தி போயிருக்கும்” என்றார். அப்படியே நடந்தது. எரிமலை அடிவாரமான தொதோமில் வண்டி நின்றபோது காவல் இருந்தவர்களில் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, “இந்தியாவிலிருந்து வந்தவர் யார்?”

*

ஹமீத் ஏலா என்ற குடியிருப்பில் குச்சிகளை ஊன்றிக் கட்டிய குடிசைகள். அங்கிருந்து அசாலே ஏரியை ஒட்டிய உப்புவெளிக்கு விடியும் முன்பே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் தரையும் வானமும் ஒரே வெண்மையாகிக் கண் கூசும்.

வேலை இரண்டு கூறாக நடக்கிறது. முதலில் கோடரியால் உப்புத்தரையில் பிளவு போடுகிறார்கள். அந்தப் பிளவில் நீண்ட மரக்கழிகளைச் செருகி, நாலைந்து பேர் சேர்ந்து குரல் கொடுத்தபடி நெம்ப, பெரிய பாளம் ஒன்று முறிந்து எழும்புகிறது. நெம்புகிறவர்களில் பலர் மேட்டுநிலத்து டிக்ராய்க்காரர்கள். எழுந்த பாளத்தைக் கட்டிகளாகச் செதுக்குவது அஃபார்களின் வேலை; உப்பின் மீதான உரிமையும் பரம்பரையாக அவர்களுடையது. செதுக்குகிறவர் குந்தியிருக்கிறார். கையில் குட்டைப்பிடி போட்ட வாய்ச்சி. அளவுகோல் இல்லை. ஒரு முகத்தை நாலு வெட்டில் சமன் செய்து, கட்டியைப் புரட்டி, அடுத்த முகத்துக்குப் போகிறார். ஒவ்வொரு கட்டியும் சுமார் 4 கிலோ. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் இடுக்கில் நகம் நுழையாது. ஒட்டகத்தின் இரு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும் என்பதால் அந்தத் துல்லியம் தேவைப்படுகிறது. சரிந்த சுமை விலங்கின் விலாவைப் புண்ணாக்கிவிடும்.

நான் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு நாற்பது வயது இருக்கலாம். விரல் முட்டிகளில் வெடிப்புகள். வெடிப்புகளுக்குள் உப்பு. காலில் பிளாஸ்டிக் செருப்பு. கண் இமைகளில் வெள்ளைத் தூள். பக்கத்தில் துணியில் முடிந்து வைத்திருந்த ரொட்டி: சுட்ட கல்லைச் சுற்றி மாவை அப்பி நெருப்பில் வேகவைத்த உருண்டை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேலையைப் பார்த்தார். அந்தக் கையின் தேர்ச்சியை இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த வெளியில் அவரைப் படமெடுக்கக் கேமராக்கள் நிறைய இருந்தன. அவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க அவற்றை வைத்திருந்தவர்களுக்கு நேரமில்லை.

இந்தக் கட்டிகள் எத்தியோப்பியாவில் நூற்றாண்டுகளாகக் காசாகப் புழங்கின. அமொலே என்று பெயர். உப்புவெளியை விட்டு எவ்வளவு தொலைவு போகிறதோ அவ்வளவு மதிப்பு ஏறும் காசு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை கடைத்தெருவில் அது செல்லுபடியானது. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவைச் சேர்ந்த வணிகர் காஸ்மாஸ், அக்சூம் அரசின் ஆட்கள் தெற்கே போய் மாடுகளையும் உப்பையும் இரும்பையும் கொடுத்துப் பொன் வாங்கி வந்ததை எழுதியிருக்கிறார். மலபாரின் மிளகைப் பற்றியும் இலங்கைத் துறைமுகத்தைப் பற்றியும் எழுதிய அதே காஸ்மாஸ். ஒரே ஏட்டில் நம் மிளகும் அவர்கள் உப்பும். எட்டாத மூலை என்று இன்று நாம் சொல்லும் இந்த நாட்டின் உப்பு அன்றைய உலகச் சந்தையோடு பிணைந்திருந்தது.

ஒட்டகங்கள் வரிசையாகக் கிளம்பின. முன்பெல்லாம் மேட்டுநிலச் சந்தைவரை நாள்கணக்கில் அவைதான் நடந்தன. தார்ச்சாலை வந்தபின் லாரிகள் வெளியின் விளிம்புக்கே வந்து நிற்கின்றன. ஒட்டகக்காரர் ஒருவர் சாலையைப் பற்றிக் குறை சொல்லுவார் என்று எதிர்பார்த்துக் கேட்ட பயணியிடம், “ஆஸ்பத்திரிக்குப் போக அது நல்லது” என்றார் அவர். பிழைப்பு போகும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொன்னார். தாகு பழக்கத்தில் வளர்ந்தவரின் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

*

உப்புவெளியின் நடுவே தல்லோல் மேடு. மஞ்சளும் பச்சையும் துருச்சிவப்புமாகக் கொதிநீர்க் குட்டைகள். கந்தகமும் இரும்பும் உப்பும் அமிலமும் கலந்து தீட்டிய நிறங்கள். சில குட்டைகளின் அமிலத்தன்மை பிஎச் அளவில் பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. 2019இல் இந்தக் குட்டைகளைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வந்தன. மிக நுண்ணிய உயிர்களின் தடயம் இங்கே இருக்கிறது என்றது ஒன்று. அமிலமும் உப்பும் உச்சத்தில் இருக்கும் குட்டைகளில் உயிர் எதுவும் இல்லை, நீர் இருந்தால் உயிர் இருந்தே தீரும் என்று சொல்லிவிட முடியாது என்றது மற்றொன்று. பார்த்ததைப் பார்த்ததாகவும் இல்லாததை இல்லை என்றும் சொல்லும் இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. உயிரே இல்லாத இடம் என்ற சொல்லை அந்த நிலத்தில் உண்மையாகச் சொல்லத்தக்க இடம் ஒன்று இருக்குமானால், அது அந்தச் சில குட்டைகள் மட்டும்தான்.

மேட்டின் அருகே உப்புக் கற்களால் கட்டிய வீடுகள் இடிந்து கிடக்கின்றன. பொட்டாஷுக்காக வந்தவர்களின் குடியிருப்பு. இத்தாலியர்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் செங்கடல் கரையிலிருந்து இந்தப் பக்கம் ஒரு ரயில்பாதையே போட்டார்கள். பிறகு அமெரிக்க நிறுவனம் ஒன்று வந்து துளையிட்டுப் பார்த்துவிட்டுப் போனது. வந்தவர்கள் எல்லோரும் போனார்கள். உப்பு வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

*

நான் பார்க்கப் போன எரியும் மலையான எர்த்தா அலே 613 மீட்டர் உயரமே உள்ளது. வெயிலில் ஏற முடியாது என்பதால் இரவில் நடந்தோம். முன்னும் பின்னும் துப்பாக்கி ஏந்திய காவலர்கள். 2012 ஜனவரியில் இந்த மலையருகே ஐந்து ஐரோப்பியப் பயணிகள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். புதிதாக உறைந்த லாவாவின் மேல்தோடு மெல்லியது. காலடியில் கண்ணாடிபோல் நொறுங்கியது. உச்சிப் பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் முகத்தில் அனல் அடித்தது.

நெருப்புக்குழம்பு ஏரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இதைப் பற்றிய குறிப்புகள் உண்டு. 1967 முதலேனும் இடைவிடாது கொதித்துவந்தது. அந்த மாதங்களில் மட்டம் மேலேறி விளிம்பை நெருங்கியிருந்தது. காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோல் குழம்பின் மேல் கருந்தோல் படிகிறது. அது சட்டென்று கோணல்மாணலாகக் கிழிந்து செந்நிறக் கோடுகள் ஓடுகின்றன. ஒரு துண்டு இன்னொன்றை விட்டு விலகுகிறது. வேறொரு துண்டு அடுத்ததன் அடியில் புகுந்து உருகுகிறது. பெரிய அளவில், கோடிக்கணக்கான ஆண்டுகளில், கண்டங்கள் செய்வது இதையேதான். அந்தக் காட்சிக்கு முன் பயமும் மகிழ்ச்சியும் ஒன்றாகவே வந்தன. நாம் உறுதி என்று நம்பி வீடு கட்டிக்கொள்ளும் தரை முழுவதும் இப்படி ஒரு மேல்தோல்தான் என்பதை உடம்பே புரிந்துகொண்டது.

விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, அனலுக்கு முதுகு காட்டி, காவலர்களில் மூத்தவர் உட்கார்ந்திருந்தார். அருகே போய் உட்கார்ந்தேன். வழிகாட்டி மொழிபெயர்த்தார். பெரியவர் ஏரியைப் பற்றி எதுவும் பேசவில்லை.

“உங்கள் பக்கம் மழை எப்படி?” என்று கேட்டார்.

இந்த ஆண்டு பொய்த்துவிட்டது என்றேன். வடகிழக்குப் பருவமழை இப்படித் தவறி நூறாண்டு ஆகியிருக்கும், காவிரிப் படுகையில் பயிர் கருகிவிட்டது, கருகிய பயிரைப் பார்த்து விவசாயிகள் செத்துப்போகும் செய்தி ஊரிலிருந்து வந்துகொண்டிருக்கிறது, சென்னையில் மட்டும் ஒரு புயல் வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது என்றேன்.

“நீங்கள் பார்த்ததா, கேட்டதா?”

புயல் பார்த்தது, பயிர் கேட்டது என்றேன்.

“மாடுகளுக்குத் தீனி?”

வைக்கோல் விலை ஏறிவிட்டதாகச் சொல்கிறார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு அவர் முறை. போன ஆண்டு அங்கும் மழை இல்லை. எல் நினோ ஆண்டு என்று உலகம் குறித்துவைத்த அந்த 2015, அவர் கணக்கில் ஆடுகள் செத்த ஆண்டு. எந்த ஓடையில் முதலில் நீர் வற்றியது, எவ்வளவு தூரம் ஓட்டிப்போனார்கள், எவ்வளவு மிஞ்சியது என்று வரிசையாகச் சொன்னார். முடித்தபின் எங்கள் உழவர்களுக்காக இரு கைகளையும் விரித்து ஏதோ சொல்லி முகத்தில் தடவிக்கொண்டார். காவிரிப் படுகையின் செய்தி அந்த மலையிலிருந்து மறுநாள் இறங்கி எந்தெந்தக் கிணற்றடிக்குப் போயிற்றோ.

நாங்கள் திரும்பிய சில வாரங்களில், 2017 ஜனவரியில், ஏரி பொங்கி வழிந்தது. மலையின் தென்கிழக்குச் சரிவில் புதுப்பிளவுகள் வாய்திறந்தன.

*

அஃபார் நாட்டைப் பற்றி வெளியே போன செய்திகள் வேறு மாதிரியானவை. 1928இல் லூதோவிக்கோ நெஸ்பிட் இதைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்தார். 1933-34இல் வில்ஃப்ரெட் தெசிகர், கடலைச் சேராமலே முடிந்துபோகும் ஆவாஷ் ஆற்றை அதன் முடிவுவரை தொடர்ந்து போனார். அசாத்தியமான துணிச்சல்காரர்கள், அவர்கள் எழுதியவற்றில் கூர்மையான கண்ணும் உண்டு. ஆனால் உலகம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றைத்தான்: இது நரகம், இங்கிருப்பவர்கள் கொலைஞர்கள், இதைக் கடந்தவன் வீரன். இன்றும் பயணத் துண்டறிக்கைகளில் அந்த நரகம்தான் விற்பனைக்கு இருக்கிறது.

சொல்லுக்கு விளைவு உண்டு. ஒரு நிலத்தை யாருமில்லாத வெற்றுநிலம் என்று நம்பினால் அதை எடுத்துக்கொள்வது எளிது. 1960களில் எத்தியோப்பிய அரசு ஆவாஷ் பள்ளத்தாக்குக்கு ஓர் ஆணையம் அமைத்து, ஆற்றங்கரை நிலங்களைப் பெரிய பருத்தித் தோட்டங்களுக்குக் கொடுத்தது. மழை இல்லாத மாதங்களில் அஃபார்களின் மந்தைகள் ஒதுங்கும் புல்வெளிகள் அவை. வரைபடத்தில் அது பயன்படாத நிலமாகத் தெரிந்திருக்கும். அந்தந்தப் பருவத்தில் யார் எங்கே மேய்க்கலாம் என்ற கணக்கு அஃபார் குலங்களிடம் இருந்தது, யாரும் கேட்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் மழை பொய்த்தபோது ஒதுங்க இடமில்லாத மந்தைகள் அழிந்தன. மந்தைகளுக்குப் பின் மனிதர்கள். அந்தப் பஞ்சத்தில் அஃபார்கள் பட்டது மிகக் கொடியது.

1974 நவம்பரில் அதே ஆவாஷ் பள்ளத்தாக்கில், ஹடாரில், 32 லட்சம் ஆண்டுகளுக்கு முந்திய ஓர் எலும்புக்கூட்டை டொனால்ட் ஜோஹான்சன் குழு கண்டெடுத்தது. லூசி. மனிதகுலத்தின் மூதாதைகளில் ஒருத்தி. அந்த இனத்துக்கு அறிவியல் வைத்த பெயரிலேயே அஃபார் இருக்கிறது. உலகம் முழுக்க அவள் செய்தி போனது, போக வேண்டியதுதான். அதே மண்ணில் அப்போதுதான் பட்டினியிலிருந்து மீண்டவர்களின் செய்தி அதில் பத்தில் ஒரு பங்கு தூரமும் போகவில்லை. 2025 சாம்பலுக்கும் நேர்ந்தது இதுவே. நம் வானம்வரை வந்துவிட்ட ஒன்றை, நம் வானத்துக்கு வந்த பிறகுதான் செய்தி என்று எண்ணினோம்.

தொலைவு என்பது அந்த நிலத்தின் குணமே இல்லை. வழியில் பார்த்த அந்நியனை நிறுத்தி, அவன் ஊரின் மழையைக் கேட்டு, அவன் உழவனுக்காக வேண்டிக்கொள்ளும் மனிதர்கள் உலகத்திலிருந்து விலகியவர்கள் என்று எப்படிச் சொல்வது? கேட்காதவர்கள்தான் விலகி இருக்கிறார்கள்.

அஃபாருக்கு நீங்கள் போகலாம். போகும்போது நெருப்பு தெரிந்தால் பாருங்கள், அதைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. எங்கே போனாலும், திரும்பி வந்து பேசும்போது வரிசையை மாற்றிச் சொல்லுங்கள். அங்கே மழை பெய்ததா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஆடுமாடு எப்படி இருக்கிறது, என்ன வேலை செய்கிறார்கள், அதற்கு என்ன கூலி என்பது முதலில் வரட்டும். பார்த்தது எது, கேட்டது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். வெயிலை நீங்கள் எப்படித் தாங்கினீர்கள் என்பது கடைசியில் வரலாம், வராமலும் போகலாம்.